விடாமுயற்சியா, விடாப்பிடியா? வேப்பேரி பப்ரிசியஸின் இரண்டு கணக்குகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு அகராதியில ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு ஆப் பண்ணலாம்னு வீக்எண்ட்ல கோட் எழுதிக்கிட்டிருந்தேன். அதுக்கு ஒரு நல்ல சொற்பட்டியல் வேணும். தேடிப் போனா சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளம் வந்தது. தமிழ் மொழியியல் பக்கம் போகிறவர்களுக்கு அது ரொம்பத் தெரிந்த இடம். அதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன் இருக்கிறது, வின்ஸ்லோ அகராதி இருக்கிறது. கூடவே இன்னொரு பெயர்: பப்ரிசியஸ்.

எனக்கு அந்தப் பெயர் பஸ்ஸில் போகும்போது பார்த்த பெயர். புரசைவாக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. யாரோ ஒரு வெள்ளைக்காரர், பள்ளிக்கூடம் கட்டியிருப்பார் போல, அவ்வளவுதான் நினைச்சிருந்தேன். அன்றைக்கு ராத்திரி விளையாட்டை விட்டுட்டு இவரைப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இந்த மனுஷனோட வாழ்க்கையில என் வாழ்க்கையின் ஒரு அசிங்கமான பகுதி தெரிஞ்சது. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல கதை.

தமிழ் வேதாகமத்தின் முதல் வெர்ஷன்

1706-ல் பார்த்தலோமேயு சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்தபோது, 1719-ல், 36 வயதில் இறந்துபோனார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ச். 1728-ல் தமிழில் ஒரு முழு வேதாகமம் இருந்தது.

சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தமிழ் நெருடியது. வீரமாமுனிவர் என்று நாம் சொல்லும் பெஸ்கி, கத்தோலிக்கர், தமிழில் காப்பியமே எழுதியவர். அவர் தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். அதில் மதச் சண்டையும் இருந்தது என்பது உண்மை. ஆனால் தமிழ் காதுக்கு அந்த மொழிநடை சரியாக உட்காரவில்லை என்பதும் உண்மை.

நம்ம பாஷையில சொன்னா, வெர்ஷன் ஒன்று ரிலீஸ் ஆயிடுச்சு. ஓடுது. ஆனா யூசருக்குப் புரியலை. அதைச் சரிபண்ண ஒருத்தர் வேணும்.

அந்த ஒருத்தர்தான் யோகான் பிலிப் பப்ரிசியஸ். 1711-ல் ஜெர்மனியில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் அவுகுஸ்த் ஹெர்மான் பிராங்கே உருவாக்கிய பக்தி இயக்கத்தின் வழியாக வந்தவர். அந்த இயக்கத்துக்குப் பையட்டிசம் என்று பெயர். அதன் அடிப்படைக் கருத்து சுலபமானது: ஞானஸ்நானம் வாங்கியாச்சு, கோவிலுக்குப் போறேன் என்பதோடு விசுவாசம் முடிவதில்லை. தினமும் வேதம் வாசி, உன்னையே சோதித்துப் பார், கொஞ்சம் கொஞ்சமாக வளர். இன்றைக்கு நம்ம சபைகளில் 'அமைதி வேளை', 'ஆவிக்குரிய வளர்ச்சி' என்று பேசும் பேச்சுக்கு அங்கே ஒரு முக்கியமான வேர் இருக்கிறது.

1740-ல் தரங்கம்பாடி வந்தார். 1742 கடைசியில் மெட்ராஸ் மிஷன் பொறுப்பை ஏற்றார். அப்போது வயது 31. அதற்குப் பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

காதால் டெஸ்ட் செய்தவர்

மெட்ராஸில் அவர் கையில் எடுத்த வேலை வேதாகமத்தை மறுபடி மொழிபெயர்ப்பது. எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக வந்து, 1796-ல்தான் முழுமையானது. அப்போது அவர் இறந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் மெட்ராஸ் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான் அன்றைய கருப்பர் நகரம் இருந்தது. அந்த ஆக்கிரமிப்பில் மிஷன் இடமும் போனது. பப்ரிசியஸ் டச்சுக்காரர்களிடம் இருந்த பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1749-ல் மெட்ராஸ் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது, மிஷனுக்குப் பிறகு வேப்பேரியில் இடம் கிடைத்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை வந்து முற்றுகை போட்டது, வேப்பேரி சூறையாடப்பட்டது. 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பு, அதைத் தொடர்ந்து பஞ்சம். ஒரு மனிதனின் வேலைக் காலத்துக்குள் இவ்வளவும்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரத்தை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஆள் கம்பெனியிடம் இல்லை. பப்ரிசியஸிடம் ஒப்படைத்தார்கள், ஒரே நிபந்தனை: கம்பெனி வேலை வந்தால் அதை முதலில் முடித்துத் தரணும். இரண்டு தடவை தன் இடத்தை அழித்தவர்களின் அச்சு இயந்திரம் அவர் வீட்டு வாசலுக்கே வந்தது! வேப்பேரியில் பின்னால் வளர்ந்த அச்சகப் பாரம்பரியத்தின் தொடக்கம் அதுதான்.

ஆனா என்னைப் பிடிச்சு உட்கார வச்சது அவருடைய வேலை முறை. ஒரு பகுதியை மொழிபெயர்த்ததும் அவர் அதைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டுவார். படித்தவர்களுக்கும், படிக்காதவர்களுக்கும். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், எந்தச் சொல் புரியவில்லை, எது பேச்சில் வராத தமிழ் என்று கேட்டுத் திருத்துவார். திரும்ப வாசிப்பார். அன்று பெரும்பாலானவர்கள் வேதத்தைக் கண்ணால் வாசிக்கவில்லை, காதால்தான் கேட்டார்கள். அதனால் காதுதான் அவருக்கு டெஸ்ட்.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்குவோம். கடவுளை எப்படி அழைப்பது? சீகன்பால்க் 'சர்வேசுரன்' என்றார். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த பதிப்புகளில் 'தேவன்' நிலைத்தது. 1995-ல் வந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஒரே சொல்லுக்கு இத்தனை வருஷம், இத்தனை கை. முதல் ஆள் தப்பு, கடைசி ஆள் சரி என்று இதில் தீர்ப்பு எழுத முடியாது. ஒவ்வொருவரும் தன் காலத்துக் காதுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

பப்ரிசியஸின் வேதாகமத்தைத் தமிழ் லுத்தரன் சபைகள் மிக நீண்ட காலம் கையில் வைத்திருந்தன. 1871-ல் ஹென்றி பவர் தலைமையில் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குப் பொதுவாக ஒரு பதிப்பு வந்தபோது, அதற்கும் அடித்தளம் பப்ரிசியஸ்தான். இன்று உங்க பாட்டி கையில கருப்பு அட்டை போட்டு வச்சிருக்கிற பவர் திருப்புதல் வேதாகமத்தில் இவருடைய காது இருக்கு.

இதோடு நிறுத்தினா அழகான சண்டே ஸ்கூல் கதை. 'விடாமுயற்சி வெற்றி தரும்'னு சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிடலாம். ஆனா இன்னொரு கணக்கு இருக்கு.

இரண்டாவது கணக்கு

பப்ரிசியஸ் தன் கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார்.

ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. தமிழுக்கு வேதாகமத்தைச் செதுக்கிக் கொடுத்தவர், கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாமல் மெட்ராஸில் சிறைக்குப் போனார்.

நடந்தது இதுதான். ஒரு சாதாரண மனிதர் தன் சேமிப்பைப் போட்டு வைக்க இன்றைக்கு மாதிரி வங்கி இல்லாத காலம். பப்ரிசியஸ் நேர்மையானவர் என்று ஊருக்கே தெரியும். அவரை நம்பிப் பணம் கொடுத்தார்கள். மிஷன் பணமும் அவர் பொறுப்பில்தான். அந்தப் பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்தார்.

அன்றைய மெட்ராஸில் இது விசித்திரமான விஷயமே இல்லை. ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கழுத்து வரை கடனில் இருந்தார். அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கம்பெனி அதிகாரிகளே. அதிக வட்டி, வட்டிக்கு வட்டி, கடனை அடைக்கப் புதுக் கடன். விவகாரம் முற்றி, 1785-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரையே ஆற்றினார். கடன் என்பது அந்த ஊரின் காற்றில் இருந்தது.

பப்ரிசியஸிடம் வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. ஆனால் அவரிடம் கொடுத்தவர்கள் கேட்பார்கள் இல்லையா? அவர் தனக்காக ஒரு சொத்தும் சேர்க்கவில்லை. எளிமையான வாழ்க்கை. பேராசையால் விழுந்தவர் என்று சொல்ல ஒரு முகாந்திரமும் இல்லை. ஆனால் நம்பிக் கொடுத்தவர்களின் பணம் போனது. அந்த நஷ்டம் நிஜமான மனிதர்களுக்கு நடந்த நஷ்டம். மிஷனின் பெயரும் அடிபட்டது.

தேதியைப் பாருங்க. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானது 1779-ல். சக ஊழியர் பிரைத்ஹவுப்டோடு சேர்ந்து தொகுத்தது, சுமார் 9,000 சொற்கள். நான் சிகாகோ தளத்தில் பார்த்தது அதன் வழிவந்த பதிப்பு. ஏறக்குறைய அதே வருஷங்களில்தான் கடன் வழக்குகள் அவரைத் துரத்திக்கொண்டிருந்தன. அப்போது வயது 68. ஒரு கையில் வாழ்நாள் சாதனை, இன்னொரு கையில் வாழ்நாள் அவமானம். ஒரே ஆள், ஒரே ஊர்.

ஏன் ஒன்று எழுந்தது, ஒன்று விழுந்தது?

இங்கேதான் நான் மாட்டிக்கிட்டேன். அவரிடம் பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது. ஜெபம் இல்லை, ஒழுக்கம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பில் முப்பது, நாற்பது வருஷம் நின்ற அதே மனசுதான் பணக் கணக்கிலும் இருந்தது. அப்படின்னா வித்தியாசம் என்ன?

என் வாசிப்பைச் சொல்றேன், நீங்க ஒத்துக்கணும்னு இல்லை. மொழிபெயர்ப்பில் அவர் ஒவ்வொரு வரியையும் மற்றவர்கள் காதுக்குக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் 'ஐயா, இது சரியாயில்லை' என்று சொல்லலாம். சொன்னால் திருத்துவார். நம்ம வேலையில இதுக்கு கோட் ரிவ்யூன்னு பேரு. பணக் கணக்கில் அப்படி ஒரு காது இல்லை. எல்லாம் ஒரு நல்ல மனிதரின் மேல் வைத்த நம்பிக்கையில் ஓடியது. மேலிடம் லண்டனிலும் ஹாலேயிலும் இருந்தது. கப்பலில் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும்.

திருத்தத்துக்குத் திறந்து வைத்த இடத்தில் அவருடைய பிடிவாதம் விடாமுயற்சி ஆனது. மூடி வைத்த இடத்தில் அதே பிடிவாதம் வெறும் விடாப்பிடி ஆனது.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு சங்கிலி வரும். சபைக்குப் போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உபத்திரவத்தில் ஆரம்பித்து, பொறுமை வழியாக, நம்பிக்கையில் போய் முடியும். நாம பொதுவா பொறுமையிலிருந்து நேரா நம்பிக்கைக்குத் தாவிடுவோம். 'தாங்கிக்கோ, எல்லாம் சரியாயிடும்'னு. ஆனா நடுவுல ஒரு கண்ணி இருக்கு. பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்கு 'பரீட்சை' என்று சொல். கிரேக்க மூலத்தில் அது 'டொகிமே'. சோதித்துப் பார்த்துத் தேறியது என்று அர்த்தம். அதே வேரிலிருந்து வரும் சொற்களை உலோகத்தை உரசிப் பார்த்து நல்லது என்று ஒதுக்குவதற்கும் பயன்படுத்துவார்கள். தட்டான் கல்லில் தங்கத்தை உரசுகிற மாதிரி.

பொறுமை தானாக நம்பிக்கை ஆகிவிடாது. நடுவில் யாரோ உரசிப் பார்க்கணும். தங்கம் தன்னைத்தானே உரசிக்க முடியாது.

என் கணக்கு

சொல்றேன்னு சொன்னேன் இல்லையா.

என் போனில் ஒரு வேதாகம ஆப் இருக்கு. தினமும் வாசித்தால் ஸ்ட்ரீக் ஏறும். எனக்கு 412 நாள் ஸ்ட்ரீக் இருந்தது. பெருமையா ஸ்டேட்டஸெல்லாம் போட்டிருக்கேன். சபை வாலிபர் கூட்டத்தில் 'தினசரி தியானத்தில் விடாமுயற்சி' என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க.

அதே போனில், அடுத்த ஸ்கிரீனில், மூணு லோன் ஆப் இருந்தது. முதலில் எடுத்தது 40,000 ரூபாய். ஒரு அவசரம், நண்பனுக்கு. அவன் திருப்பித் தரலை. இ.எம்.ஐ. கட்ட இன்னொரு ஆப். அதைக் கட்ட கிரெடிட் கார்டு. சம்பளம் நல்லாத்தான் வந்தது, அதனால யாருக்கும் சந்தேகமே வரலை. இரண்டு வருஷத்துல அது 3,70,000 ஆயிடுச்சு. ஒரு தவணைகூடத் தவறவிடலை. எனக்குள்ளே அதையும் 'உண்மையா இருக்கிறேன், சகிச்சுக்கிறேன், கர்த்தர் பார்த்துப்பார்'னுதான் சொல்லிக்கிட்டேன். காலைல ஆறு மணிக்கு ஒரு ஆப்பைத் திறந்து ஜெபம். ஆறே காலுக்கு இன்னொரு ஆப்பைத் திறந்து பயம்.

பப்ரிசியஸைப் படித்த ராத்திரி தூக்கம் வரலை. 68 வயசுல ஒரு மனுஷன் அகராதியையும் கடன் சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அப்புறம் தாம்பரத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடிச்சு, மாமா வெளியே போனதும் சொன்னேன்.

அக்கா திட்டலை. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "டேய், லேப்டாப்பை எடு. எல்லாத்தையும் ஒரு ஷீட்ல போடு. வட்டி எவ்வளவுன்னு தனி காலம்"னு சொன்னா. நான் ஒவ்வொன்னா சொல்லச் சொல்ல அவ டைப் பண்ணா. மூணாவது ஆப்போட வட்டியைச் சொன்னப்ப மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. "இதுக்குத்தான் ஒரு வருஷமா வீட்டுக்கு வராம இருந்தியா?"ன்னு கேட்டா. நான் தலையாட்டினேன்.

அந்த வாரம் என் ஸ்ட்ரீக் அறுந்துபோச்சு. 412, பிறகு பூஜ்யம். உண்மையைச் சொன்னா, எனக்கு அதைப் பத்திக் கவலையே வரலை. இப்ப மாசம் ஒரு தடவை அக்கா அந்த ஷீட்டைத் திறந்து பார்ப்பா. இன்னும் பதினோரு மாசம் பாக்கி இருக்கு.

கடைசி மூன்று வருஷம்

பப்ரிசியஸின் கதை சிறையோடு முடியவில்லை. 1788-ல் கிறிஸ்டியன் வில்ஹெல்ம் கெரிக்கே வந்து மெட்ராஸ் மிஷனைப் பொறுப்பேற்றார். 46 வருஷமாகத் தன் கையில் வைத்திருந்ததை, கிட்டத்தட்ட 77 வயதில், இன்னொருவர் கையில் கொடுத்தார் பப்ரிசியஸ். கெரிக்கே பண விஷயத்தில் கவனமானவர். 1803-ல் அவர் இறந்தபோது தன் சொத்தை மிஷனுக்கு விட்டுப் போனார்.

பப்ரிசியஸ் 1791 ஜனவரியில் மெட்ராஸில் இறந்தார். வயது 80.

அந்தக் கடைசி மூன்று வருஷத்தில் அவர் மனசில் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்து சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு ஒன்று தோணுது. ஆவிக்குரிய வளர்ச்சின்னு சொன்னா நம்ம மனசுல ஒரு கிராஃப் வரும். இடமிருந்து வலமா மேலே ஏறுற கோடு. பப்ரிசியஸின் வாழ்க்கையை அப்படி வரைய முடியாது. ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது, இன்னொன்று சரிந்துகொண்டே போனது. சரிந்த கோட்டை இன்னொருவர் கையில் கொடுத்ததும், என் கணக்கில், விடாமுயற்சியில்தான் சேரும். பிடித்துக்கொள்வதை விட, ஒப்படைப்பதற்கு அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவரை இதற்காகப் புனிதர் ஆக்கவும் வேண்டாம், கள்ளன் ஆக்கவும் வேண்டாம். பணத்தை இழந்தவர்களுக்கு அவர் வேதாகமம் ஈடாகாது. அவர் கடன்பட்டார் என்பதற்காக வேதாகமம் கெட்டுப்போகவும் இல்லை. இரண்டையும் ஒரே மனிதரிடம் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் வரலாறு படிப்பதில் எனக்குக் கிடைத்த லாபம்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. உங்க வாழ்க்கையில ரொம்ப நாளா விடாம செஞ்சுக்கிட்டிருக்கிற ஏதாவது ஒண்ணை நினைச்சுக்கோங்க. வேலையா இருக்கலாம், உறவா இருக்கலாம், ஊழியமா இருக்கலாம், கடனா இருக்கலாம். அதை வாசிச்சுக் காட்ட உங்களுக்கு ஒரு காது இருக்கா? 'இது சரியாயில்லை'ன்னு சொல்ற உரிமையை யாருக்காவது கொடுத்திருக்கீங்களா?

இல்லைன்னா இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்காவது சாப்பிடப் போங்க. லேப்டாப்பை மறக்காம எடுத்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.